மேல்மலைக்கு லோ கியரில்: பழனி மலை நாட்குறிப்பு

முதல் நாள்: வத்தலக்குண்டு, சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி

வண்டிகள் இரண்டு. ஒன்று மஹிந்திரா தார் டீசல், மற்றது மாருதி ஜிம்னி. ஒற்றை வண்டியோடு மண்பாதையில் இறங்கக் கூடாது என்பது, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கரடுமுரடான பாதை ஓட்டும் இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. சிக்கினால் இழுக்க ஆள் வேண்டும். டிராக்டரைத் தேடி எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தால் அரை நாள் போய்விடும்.

வத்தலக்குண்டிலிருந்து நேராகக் கொடைக்கானல் ஏறும் காட் ரோடு நல்ல அகலம். அங்கே ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பது வெறும் உயரமான கார்தான். சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறும் பாதை அப்படியல்ல: குறுகலானது, வளைவுகள் இறுக்கமானவை, ஓரத்தில் மழைநீர் அரித்த பள்ளங்கள். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் ஒதுங்க இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ஒதுங்குவதுதான் மலை வழக்கம்.

ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் பார்க்க வேண்டியவை: கூலன்ட் அளவு, பிரேக் ஆயில் அளவு, ஐந்து டயரிலும் காற்று. ஆம், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியை யாரும் தொடுவதில்லை. தேவைப்படும்போது அதில் பாதிக் காற்றுதான் இருக்கும். வீல் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டை ஜாக்கியோடு வரும் குட்டி ஸ்பேனரால் கழற்ற முடியாது. இரண்டடி நீளக் குழாய் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

மலை ஏறினால் டயர் காற்று கூடுமா குறையுமா என்று ஒரு விவாதம் ஓயாமல் நடக்கும். இரண்டும் நடக்கும், ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் அடிவாரத்தைவிடக் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அலகு) குறைவு, அதனால் கேஜில் அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரியில் இருந்த டயர் மேலே 15 டிகிரிக்குக் குளிரும்போது கிட்டத்தட்ட அதே 3 பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். கீழே 32 வைத்தால் மேலேயும் 32-ஐ ஒட்டித்தான் காட்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை அடிவாரத்திலேயே, டயர் சூடாகும் முன் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

பெரும்பாறை ஏற்றம் முழுக்க டூ ஹையில்தான், அதாவது பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் சாதாரண நிலையில். காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் ஹை போடாதீர்கள். இந்த இரண்டு வண்டிகளிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டமும் பின்சக்கரங்கள் சிறிய வட்டமும் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் வித்தியாசம் எங்காவது தேய்ந்துதான் தீர வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த சாலையில் வழுக்காது, அந்த முறுக்கம் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் அதன் மூட்டான யூ.ஜே. கிராஸிலும் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டி பிடித்து இழுப்பது போலத் தெரியும், பிறகு ஃபோர் வீல் டிரைவ் லிவர் வெளியே வராது. மாட்டிக்கொண்டால் லிவரை அடித்து இழுக்க வேண்டாம். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தாலே முறுக்கம் அவிழ்ந்து லிவர் தானாக வரும்.

தடியன்குடிசை, மங்களம்கொம்பு தாண்டி தாண்டிக்குடி. இருபுறமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு வளர்த்த மரங்கள், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. இங்கே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஊர்க் கடையில் காப்பி நன்றாக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: எஸ்டேட் பாதை

ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவர்களின் முதல் ஏமாற்றம், அதை ஓட்ட இடம் இல்லை என்பதுதான். கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கி.மீ.க்கு மேல். சாலையை விட்டு அதற்குள் சக்கரம் இறக்கினால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. மிஞ்சுவது இரண்டு: கிராமத்து மண்சாலைகள், உரிமையாளர் அனுமதி தந்த எஸ்டேட் பாதைகள். அனுமதி என்றால் முதலாளியிடம் கேட்பது மட்டுமல்ல, காவலாளிக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கேட்டை எப்படிக் கண்டோமோ அப்படியே மூடிவிட்டுப் போவதும் அதில் சேர்த்தி.

காப்பித் தோட்டப் பாதை சிவப்புக் களிமண். காய்ந்திருந்தால் எந்தக் காரும் போகும். அரை மணி நேரம் மழை பெய்தால் டயரின் பட்டன் இடுக்கெல்லாம் அப்பிக்கொண்டு டயர் வழுவழுப்பாகிவிடும். இரவு தூறியிருந்ததால் இன்று பாதை அந்த நிலையில்தான் இருந்தது.

மண்ணில் இறங்கும் முன் செய்வது காற்றை இறக்குவது. 20 பி.எஸ்.ஐ. போதும். டயர் தரையில் படும் நீளம் கூடுகிறது, கல்லின் மேல் மடிந்து பிடிக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் இடுப்பும் தப்பிக்கிறது. 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைத்த டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். கூரான கல்லை ஓரத்தில் உரசவிடாமல் அதன் மேலேயே ஏற்றிப் போக வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்று நிரப்புவது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் நாலு பெரிய டயருக்கு மூச்சு வாங்கும், ஃபியூஸும் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். என்ஜினை ஓடவிட்டபடி நிரப்புங்கள்.

நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கும் ஃபோர் லோவுக்கு மாற வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து லிவரைத் தள்ள வேண்டும். பல் சேராமல் கரகரத்தால் வண்டியை ஓரடி உருளவிட்டு மறுபடி தள்ளினால் சேர்ந்துவிடும். லோவில் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை தாரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, ஜிம்னியில் இரண்டு மடங்கு. வேகம் அதே கணக்கில் குறையும். முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி நடக்கிற வேகத்தில் ஏறும். கிளட்சில் கால் வைக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சுகம் இதுதான்: ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆள் நடந்து ஏறவே திணறும் சரிவில், பக்கத்து மரத்தில் கத்தும் இருவாட்சியைக் கேட்டபடி வண்டி தானே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேகம் காட்டுகிறவர்களுக்கு இந்த வண்டி எதற்கு என்று தெரியவில்லை.

லாரித் தடம் ஆழமாக இருந்தால் அதற்குள் சக்கரத்தை விடாதீர்கள். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடம் பின் அச்சின் நடுக்குண்டு. தடம் அதைவிட ஆழமானால் குண்டு நடுமேட்டில் உட்கார்ந்துகொள்ளும், நாலு சக்கரமும் சும்மா சுற்றும். ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் இன்னொன்றை ஓர மேட்டிலும் வைத்துத் தடத்தைக் கவட்டி ஓட்டுங்கள்.

மூலைக்கு மூலையாக இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியும். ஜிம்னியில் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, மற்றதற்கு விசையை அனுப்பும் எலக்ட்ரானிக் ஏற்பாடு. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் இரண்டு மூன்று நொடி பிடித்திருந்தால்தான் அது வேலை செய்யும். சக்கரம் சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுப்பவர்கள் அங்கேயே நிற்பார்கள். ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன்னும் பின்னும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்ட, கையால் போடும் டிஃப் லாக் இருக்கிறது. அந்த வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்வது நியாயம்தான்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் மிதித்தால் குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் அச்சுக்கு அடியிலும் வெட்டி, நனைந்த சாக்கைப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் இழுப்பு. சங்கிலியும் கம்பி வடமும் வேண்டாம். விரிந்து சுருங்கும் நைலான் கயிறு, 8 டன்னுக்குக் குறையாதது, 19 மி.மீ. பௌ ஷாக்கிள் (கயிற்றை மாட்டும் வில் வடிவ இரும்பு வளையம்) இரண்டு, 4.75 டன் என்று அச்சடித்தவை. கொக்கியை மாட்ட வேண்டியது சேஸில் போல்ட் செய்த இழுவை வளையத்தில் மட்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் மாட்டவே கூடாது. அது உடைந்தால் குண்டாகப் பறந்து வந்து முன்கண்ணாடியைத் துளைக்கும். கயிற்றின் நடுவில் கோணியையோ ஜமுக்காளத்தையோ போடுங்கள், அறுந்தால் வீச்சு அடங்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். செல்ஃபோனில் படம் எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

ஓடை குறுக்கிட்டால் முதலில் கம்பு விட்டு ஆழமும் அடித்தரையும் பாருங்கள். தாருக்கு நிறுவனம் சொல்லும் அளவு 650 மி.மீ., ஜிம்னிக்கு 300 மி.மீ.தான். இறங்கும் முன் பத்து நிமிடம் நிறுத்துவது நல்லது. சூடான அச்சு குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாம் நாள்: பண்ணைக்காடு, ஊத்து, கொடைக்கானல்

இன்று சொல்ல அதிகமில்லை. ஊத்தில் காட் ரோட்டைப் பிடித்தால் பெருமாள்மலை வரை சுற்றுலா வண்டிகளின் வரிசை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். கீழே சிக்னல் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் 20 லிட்டர் கேன் ஒன்று வண்டியில் இருக்கட்டும். சேறு அப்பிய ரேடியேட்டரைக் கழுவவும் அது உதவும்.

டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஜிம்னியின் 105 குதிரைத்திறன் கொடைக்கானலில் 85-ஐ ஒட்டி நிற்கும். வண்டியில் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைத் தேட வேண்டாம், ஒரு கியர் இறக்கி ஓட்டினால் போதும். டர்போ டீசலில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

கொடைக்கானலிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து மேல்மலையில் பங்க் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. லோ கியரில் தார் லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தாலே பெரிது.

நான்காம் நாள்: பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை

பூம்பாறை வரை சாலை பழகிய சாலை. மேட்டிலிருந்து பார்த்தால் படிப்படியான வயல்களும் ஊரும். இங்கே விளையும் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மன்னவனூரில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம், ஏரி, புல்வெளி. அந்தப் புல்வெளியைப் பார்த்ததும் வண்டியை இறக்க ஆசை வரும். இறக்கக் கூடாது, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஈரப் புல்லில் ஒருமுறை விழுந்த டயர் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டே போகும். புல்வெளியும் சோலையும் நீரைப் பிடித்துவைப்பதால்தான் கீழே ஊர்களுக்கு ஓடையில் தண்ணீர் வருகிறது.

கவுஞ்சிக்கு அப்பால் சாலை குறுகி உடைகிறது. ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ.; தார் அதைவிட கிட்டத்தட்ட ஒரு சாண் கூட. எதிரே கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வரும்போது அந்த ஒரு சாண் பெரிய விஷயம். பைன், யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே உதிர்ந்த இலை ஈரமாகக் கிடந்தால் சேற்றைவிட மோசமாக வழுக்கும். அங்கே ஃபோர் ஹை போடலாம், தார்ச்சாலைதான் என்றாலும். பிரேக்கைக் குத்தாமல் கியரிலேயே வேகத்தைக் குறையுங்கள்.

மேல்மலை மூட்டையையும் ஆட்களையும் காலங்காலமாகச் சுமப்பவை பழைய மஹிந்திரா ஜீப்புகள். பட்டை ஸ்பிரிங், 2.1 லிட்டர் பெஜோ வழி டீசல் என்ஜின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எது கெட்டாலும் ஸ்பேனர் வைத்திருக்கும் எவரும் சரிசெய்வார். அதன் பெருமை அதுதான். தொல்லைகளும் தெரிந்தவையே: மெயின் பட்டை உடைவது, சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்வது, கிங்பின் பேரிங் தேய்ந்து ஸ்டீயரிங் ஆடுவது. அச்சைப் பட்டையோடு கட்டும் யூ கிளாம்ப் நட்டுகளை 1,000 கி.மீ.க்கு ஒருமுறை இறுக்கினால் முதல் இரண்டும் பெரும்பாலும் வராது. மூட்டை ஏற்றியபின் இறுக்க வேண்டும், காலி வண்டியில் அல்ல.

கிளாவரையோடு திரும்ப வேண்டும். பேரிஜம் பக்கம் போக வனத்துறை அனுமதிச் சீட்டு தேவை. அங்கிருந்து டாப் ஸ்டேஷன் வழியே மூணாறு போன பழைய சாலை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. இணையத்தில் பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாலை நாலு மணிக்குமேல் மஞ்சு இறங்கும், காட்டெருமையும் சாலைக்கு வரும். ஹை பீம் மஞ்சில் கண்ணைத்தான் குருடாக்கும். லோ பீம், பின் ஃபாக் விளக்கு, 20 கி.மீ. வேகம் போதும்.

ஐந்தாம் நாள்: பெருமாள்மலை, அடுக்கம், கும்பக்கரை, பெரியகுளம்

மண் சரிந்திருக்கிறதா என்று பெருமாள்மலை டீக்கடையில் கேட்டுவிட்டே இந்தச் சாலையில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி அடைபடும் பாதை.

ஃபோர் வீல் டிரைவின் அருமை ஏறும்போது தெரிவதைவிட இறங்கும்போதுதான் தெரியும். 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள தாரை வெறும் பிரேக்கில் இறக்கினால் முன் டிஸ்க் கொதிக்கும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140. டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி வரும், பெடல் பஞ்சாக இறங்கும், வண்டி நிற்காது. ஈரமான மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது செலவே அல்ல.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அது போதாத செங்குத்தில், சாலை ஈரமாகவோ மண்ணாகவோ இருந்தால், ஃபோர் லோ இரண்டாம் கியர். இறக்கத்தில் வேகத்தைத் தானே அடக்கும் ஹில் டிசென்ட் பட்டனும் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. நூறடிச் சரிவுக்கு அது நல்லது, 20 கி.மீ. இறக்கத்துக்கு அல்ல. கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் ஆறும்போது ஷூ ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் நெளியும்.

இறங்கிய மறுநாள்: கழுவலும் கணக்கும்

முதலில் சக்கரத்தின் உட்புறம். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங், அலைன்மென்ட் என்று பணம் கட்டுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். பிறகு சேஸின் மேல்பக்கம், ரேடியேட்டர் இடுக்கு, பின் டிரம். ஓடையில் இறங்கியிருந்தால் டிஃப்ரன்ஷியல் குண்டின் பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் டீ போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன தர ஆயிலை அதே ஓட்டையில் வழியும் வரை ஊற்ற வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் யூ.ஜே. கிராஸில் பழைய கிரீஸ் நாலு பக்கமும் பிதுங்கும் வரை அடியுங்கள்.

இனி பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். 13 லட்சம் வண்டிக்கு அது மட்டும் 2,34,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 1.5 லிட்டர் டீசல், டூ வீல் டிரைவ் தாருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; 2.2 லிட்டர் ஃபோர் வீல் டிரைவுக்கு 40. ஜிம்னிக்கும் 40-தான். வரி என்ஜின் அளவைப் பார்த்துத்தான்; ஆனால் அந்தச் சின்ன லிவர் வேண்டுமென்றால் கொடுக்கும் விலை இது. வருடத்தில் சில நாள் மட்டும் மண்ணைப் பார்க்கிறவருக்கு டூ வீல் டிரைவும் நல்ல டயரும் போதும் என்பதே நேர்மையான பதில்.

டீசல் செலவைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 300 கி.மீ. மலைப்பயணத்துக்கு லிட்டருக்கு 9 கி.மீ. என்றால் 33 லிட்டர், மூவாயிரம் ரூபாய் சொச்சம். பெரிய தின்னி டயர்தான். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் ஐந்துக்கு 70,000 என்று வைத்து, 50,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 1.40 ரூபாய், கல் பாதையில் அந்த ஆயுள் வேகமாகக் கரையும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர் அழகுதான், ஆனால் ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்காது, காதையும் கெடுக்கும். அளவை மாற்றாமல் ஆல் டெரைன் போடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறான டயரும், 2017 இறுதியில் தடை வந்த முன்பக்க இரும்புக் கம்பி வளைவும், விபத்து நாளில் இன்ஷூரன்ஸ்காரருக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் காரணங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுக்க வேண்டும்.

பழைய ஜீப் எடுக்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் அடியில் படுத்து, பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி சேஸில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டி என்றால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எதுவரை இருக்கிறது, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வண்டிகளில் என்ஜின் மாற்றுவது சகஜம். என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.